வேட்டை நாயும் பணிக்கரும்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என நீளும் எமது கரையோர ஊர்களில் வீட்டில் நாய் வளர்ப்போர் மிகக் குறைவு. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும்; அவற்றுள் ஒரு தடவை மண் கலந்த நீரால். இதனை அறியாதவர் எம்மிடையே இல்லை. ஆனால், பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துத் தருவதை உண்ணலாம் எனத் திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயத்தின் நான்காம் வசனம் அனுமதிப்பதைச் சொன்னால் வியப்படைவோர் உண்டு. பயிற்றுநரைக் குறிக்க அங்கு வரும் 'முகல்லிபீன்' என்ற சொல்லே நாயைக் குறிக்கும் 'கல்ப்' என்ற வேரிலிருந்து பிறந்ததாகும். இறைவன் பெயர் கூறி ஏவப்பட்ட நாய் இரையை எசமானுக்காகப் பிடித்து வைத்திருந்தால் அது ஆகும். தானே தின்றிருந்தால் ஆகாது என்பது அதீ இப்னு ஹாதிம் (ரலி) வழியாக வந்த ஹதீஸ். நாயின் பசியையும் அதன் பயிற்சியையும் வேறாகப் பிரித்தறிந்த சட்டம் இது.

அரபிகளின் சலூக்கி கண்ணால் கண்டு துரத்தும் இனம். தென்தமிழகத்தின் சிப்பிப்பாறையும் கன்னியும் அவ்வாறே. திறந்த வெளிக்கு ஏற்ற, மெலிந்து நீண்ட கால்களையுடைய ஓட்டக்காரர்கள். இரை கண்ணுக்குத் தெரியாத அடர்வனங்களில் இவை பயன்படா. அதற்கென ஐரோப்பியர் வளர்த்தவையே மோப்ப வேட்டை நாய்கள். ஆர்டென் காட்டின் புனித ஹியூபெர்ட் மடத்துத் துறவிகள் வளர்த்த நாய்களை இவற்றின் மூதாதையராகக் கூறுவது மரபு. தொங்கும் காதுகள், ஆழ்ந்த குரல், மணிக்கணக்கில் தளராத பிடிவாதம் ஆகியன இவற்றின் இலக்கணம். வேகம் இரண்டாம் பட்சமே. மூச்சிழுக்கும்போது காற்றின் ஒரு பகுதி மூக்கின் பின்புறத்திலுள்ள மோப்ப அறைக்குத் தனியே பிரிந்து செல்கிறது. வெளிவிடும் காற்றோ நாசியின் பக்கப் பிளவுகளால் வெளியேறுகிறது. மணத்தை உணரும் மரபணுக்கள் மனிதருக்கு ஏறத்தாழ 400. நாய்க்கு ஏறத்தாழ 800. எனினும், குளிர்ந்த ஈரநிலத்தில் தங்கும் மோப்பம் காய்ந்த சுடுமணலில் விரைவில் அழிந்துவிடும்.

ஆகவேதான் சாமுவேல் பேக்கர் தமது நாய்க் கூட்டத்துடன் நுவரெலியாவைத் தேர்ந்தது பொருத்தமாயிற்று. 1848இல் இங்கிலாந்திலிருந்து குடியேறியவர்களோடு நரிவேட்டை நாய்களையும் அவர் கப்பலில் கொண்டுவந்தார். அந்தத் தூய இனத்து நாய்கள் மலைக்காட்டில் நிலைக்கவில்லை. பிளட்ஹவுண்ட், பொயிண்டர் இரத்தம் கலந்த கலப்பினங்களே மரை வேட்டைக்கு ஏற்றவை என்ற முடிவுக்கு அவர் வந்தார். மோப்ப நாய்கள் குரலெழுப்பித் துரத்த, வலிய நாய்கள் ஆற்றங்கரையில் மரையை மடக்க, பேக்கர் வேட்டைக் கத்தியுடன் இறங்குவார். இதனை வீரமென அவர் எழுதினார். வாசிக்கும் எனக்குக் கொலைக்களமாகவே தோன்றியது. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஸ்மட், புளூபியர்ட், கில்பக், லூசிபர் எனத் தமது நாய் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி, அதனதன் குணத்தோடு அவர் பதிவு செய்திருக்கிறார்.

பேக்கர் இங்கிருந்த அதே காலத்தில், 1845 முதல் 1850 வரை, குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றியவர் எமர்சன் டெனன்ட். 1859இல் வெளியான இலங்கை பற்றிய தமது பெருநூலில் அவர் யானை பிடிக்கும் பணிக்கரைப் பற்றி எழுதுகிறார். வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள சோனகக் கிராமத்தவர் இவர்கள். ஏறாவூர்ப் பணிக்கரின் புகழ் எமது பகுதியில் யாவரும் அறிந்ததே. தோலால் திரித்த கயிற்றுடன் பின்புறமாக ஊர்ந்து சென்று, காட்டு யானையின் பின்னங்காலில் சுருக்கிட்டு மரத்தோடு பிணைப்பார்கள். குட்டைப் புல்வெளியில் யானை சென்ற தடத்தை ஓட்டத்திலேயே கண்டு தொடரும் இவர்களை, டெனன்ட் வேட்டை நாய்களுக்கு ஒப்பிடுகிறார். மோப்பம் நெஞ்சு உயரத்தில் கிடைப்பதால் தலை குனியாமலே ஓடும் நாய்களை வர்ணிக்க ஆங்கில வேட்டைக்காரர் வழங்கும் தொடரையே அவர் எடுத்தாள்கிறார்.

அவருடைய சமூகத்தில் அது உயர்ந்த பாராட்டு. நாயின் எச்சிலுக்கு ஏழு தடவை கழுவும் எமக்கோ அது நெஞ்சில் தைக்கிறது. அதனினும் பெரிய குறை, ஒப்புமை பிழையானது என்பதே. நாய் மோப்பத்தோடு பிறக்கிறது. மடிந்த புல்லையும் முறிந்த கிளையையும் இலத்தியின் ஈரத்தையும் பணிக்கர் வாசிக்கக் கற்றது தந்தையிடமும் மாமனிடமும். அது இயல்புணர்ச்சி அன்று, கல்வி. அந்தப் பக்கங்களில் பணிக்கர் ஒருவரது பெயரேனும் என் கண்ணில் படவில்லை.

1937இல் வந்த விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டைக்கும் யானை பிடித்தலுக்கும் கட்டுப்பாடு விதித்தது. அது வேண்டிய சட்டமே. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் எமக்கு மேற்கேயிருந்த காட்டின் பெரும்பகுதி வயலும் குடியேற்றமுமாயிற்று. தடம் பார்க்கக் கற்பிக்க இடமும் இல்லை, தேவையும் இல்லை.

இலண்டனிலோ கட்டாரிலோ மெல்பேர்னிலோ இருந்து இதனை வாசிக்கும் கிழக்கு மாகாணத்தவர்களே, உங்கள் மூத்தப்பாவுக்கு முந்திய தலைமுறையில் ஒரு பணிக்கர் இருந்தால், வீட்டிலுள்ள முதியவரிடம் அவரது பெயரையும் ஊரையும் கேட்டு எனக்கு எழுதுங்கள். லூசிபரின் பெயரை நூலகத்தில் எவரும் பார்த்துக்கொள்ளலாம்.