சுவை அறிந்தவர் யார்?

பிரெஞ்சு தேசத்தில் திராட்சை மதுவைச் சுவைத்துத் தரம் காண்பது ஒரு கலை. எந்த மண், எந்தச் சரிவு, எந்த ஆண்டின் வெயில் என்றெல்லாம் அங்கே ஆராய்வர். மாமிசத்துக்குச் சிவப்பு மது, மீனுக்கு வெள்ளை மது என்று இணை வகுப்பர். இதற்குக் காரணமும் உண்டு: சிவப்பு மதுவின் துவர்ப்பை மாமிசத்தின் புரதமும் கொழுப்பும் தணிக்கின்றன, வெள்ளை மதுவின் புளிப்போ, பிழிந்த எலுமிச்சை போல் மீனின் சுவையை எடுத்துக் காட்டுகிறது.

கெஹெல்கமு ஓயாவின் கரையில் நோட்டன் பிரிட்ஜில் நின்று சுற்றிலும் உள்ள தேயிலைச் சரிவுகளைப் பார்க்கும்போது, அதே கலை இங்கும் உண்டென்பது நம் நினைவுக்கு வருகிறது. ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா உள்ளிட்ட மேற்குச் சரிவுகளின் தேயிலைக்கு வர்த்தக உலகில் திம்புள்ள என்று பெயர். ஜனவரி முதல் மார்ச் வரை வீசும் வறண்ட குளிர்காற்றில் அதன் மணம் உச்சம் பெறும். கிழக்கே ஊவாத் தேயிலைக்கோ ஜூலை முதல் செப்டம்பர் வரை பருவம்.

இக்கலை எப்படிப் பிறந்தது? 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்கவே, மலைகள் தேயிலைக்கு மாறின. 1883 ஜூலை 30இல் கொழும்பில் முதல் ஏலம் நடந்தது. அன்று முதல் வரிசையாக வைத்த கிண்ணங்களில் கரண்டி தோய்த்து, உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்பும் சுவைஞரின் நாக்கு விலைக்கு வழிகாட்டியது. கொழுந்து பறித்த தமிழ்ப் பெண்ணின் நாக்கை எவரும் கேட்டதில்லை.

அவளுடைய உணவின் இணையை வகுத்தது ருசியன்று, சரித்திரம். அந்நாளில் தோட்டங்கள் அரிசி கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டன. 1942இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றதும், பங்கீட்டில் கோதுமை மா புகுந்தது. ரொட்டி, சம்பல், பால் கலவாத தேத்தண்ணி, உள்ளங்கையில் சிறிது சீனி: இதுவே லயத்தின் விருந்தாயிற்று. 1973-74இல் மா தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பட்டினிச் சாவுகளும் நிகழ்ந்தன.

இங்கேதான் சுவைக்கலை நமக்கு வேறொரு பாடம் சொல்கிறது. மாமிசத்தைக் கண்டு தணியும் அதே துவர்ப்பு, தானிய உணவின் இரும்புச் சத்தையும் பற்றிக்கொள்கிறது. உணவோடு குடிக்கும் தேநீர், உடல் ஏற்கும் இரும்பைப் பாதிக்கு மேல் குறைத்துவிடலாம். தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை பரவியிருப்பதற்கு வறுமையே பெருங்காரணம். இந்த இணையும் அதற்குத் துணை போகிறது. தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், சம்பலில் எலுமிச்சை பிழிவதும் நன்மை தரும்.

ஆனால் விடியலில் பிரட்டுக்களத்துக்கு ஓடுபவளுக்கு அந்த ஒரு மணி நேரம் ஏது? தட்டில் கீரையும் மீனும் வைக்கும் கூலி ஏது? அறிவை மட்டும் கொடுத்து அவகாசத்தை மறுப்பது உபதேசமே ஆகும்.

ஆசிரிய நண்பர்களும் மாணவர்களும் இவ்விரண்டையும் சேர்த்தே பேச வேண்டும். திம்புள்ளயின் மணத்தை உலகம் அறியும். அதைப் பறித்த கை, நிறைந்த தட்டின் முன் ஆற அமர உட்காரும் நாளில்தான் இந்தச் சுவைக்கலை முழுமை பெறும்.