அறிவை அளக்க வந்தவர்கள்: பாரிஸிலிருந்து போடிமெட்டு வரை

உளவியல் புத்தகத்தில் 'நுண்ணறிவு' என்று ஓர் அத்தியாயம் வரும். கால்டன், பினே, ஸ்பியர்மன், கார்ட்னர் என்று பெயர்களையும் வருடங்களையும் மனப்பாடம் செய்து, ஐந்து மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு, அதோடு மறந்துவிடுவோம். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய சண்டை இருக்கிறது. அறிவு பிறப்பில் வருகிறதா, வளர்ப்பில் வருகிறதா என்று நூற்றைம்பது வருடமாக நடக்கும் சண்டை. அதில் முக்கியமான சாட்சிகளில் ஒருவர் நம் தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயி என்பது பலருக்குத் தெரியாது.

நான் போடிநாயக்கனூர்க்காரன். விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளோடு படித்தவன். எங்கள் பக்கம் படிப்பு வராத பையனைப் பார்த்து, "உனக்கு மண்டை அவ்வளவுதான், தோட்டத்துக்குத்தான் லாயக்கு" என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். இந்த ஒரு வரிக்குள் முழு உளவியல் கோட்பாடே அடங்கியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

கால்டனும் பினேவும்

1869ல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் (டார்வினின் உறவினர்தான்) ஒரு புத்தகம் எழுதினார். பெரிய நீதிபதிகள், விஞ்ஞானிகள், எழுத்தாளர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். ஒரே குடும்பத்தில் பல மேதைகள் வருவதைப் பார்த்து, மேதைமை ரத்தத்தில் வருகிறது என்று முடிவு கட்டினார். அதே குடும்பங்களில் பணம், நல்ல பள்ளி, வீடு நிறையப் புத்தகம், சிபாரிசு எல்லாமும் சேர்ந்தே வந்தது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பாரிஸில் ஆல்பிரட் பினேவின் நோக்கமே வேறு. எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கு வரவேண்டும் என்று சட்டம் வந்த பிறகு, பாடத்தைப் பின்தொடர முடியாத பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது அரசின் கேள்வி. அவரும் தியோடர் சைமனும் சேர்ந்து 1905ல் முதல் நுண்ணறிவுச் சோதனையைக் கொண்டுவந்தார்கள். பிள்ளையை ஒதுக்குவதற்காக அல்ல, கூடுதல் உதவி கொடுப்பதற்காக! அறிவு மாறாத ஒரு அளவு என்று சொன்னவர்களைப் பினே கடுமையாக எதிர்த்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் வளர்க்கப் பயிற்சிகளே தயாரித்தார். 1911ல் இறந்துவிட்டார். அதன் பிறகு அவருடைய கருவி அவர் நினைத்த வழியில் போகவில்லை.

1916ல் அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன் அதை மாற்றி அமைத்தார். மன வயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்கும் 'ஐ.க்யூ' அப்போதுதான் பிரபலமானது. முதல் உலகப்போரில் சுமார் 17 லட்சம் ராணுவ வீரர்களைச் சோதித்தார்கள். 'கிறிஸ்கோ' என்பது என்ன என்று ஒரு கேள்வி. அது அமெரிக்கச் சமையல் கொழுப்பின் பிராண்ட் பெயர். நேற்றுக் கப்பலில் வந்து இறங்கிய இத்தாலிக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? நியூயார்க் பேராசிரியரிடம் "ஞள்ளானி என்றால் என்ன?" என்று நாம் கேட்டால் அவருக்கும் பூஜ்யம்தான் :) இந்த மதிப்பெண்களை வைத்து, சில இனத்தவருக்கு அறிவு குறைவு என்று கார்ல் பிரிகாம் 1923ல் எழுதினார். 1930ல் அவரே அந்த முடிவு ஆதாரமற்றது என்று வாபஸ் வாங்கினார். ஆனால் அதற்குள் 1924ல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது.

இந்தியாவுக்கு வந்தபோது

நம் நாட்டில் ஹெர்பர்ட் ரைஸ் தயாரித்த ஹிந்துஸ்தானி பினே சோதனை 1929ல் வெளியானது. கன்னட, மராத்திப் பிள்ளைகளுக்காக வி.வி. காமத் தயாரித்த சோதனை பற்றிய நூல் 1940ல் வந்தது. 1955ல் சி.எம். பாட்டியா இன்னும் ஒரு படி மேலே போனார். எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையை எழுத்துக் கேள்வியால் சோதித்தால் நாம் அளப்பது அறிவையா, பள்ளிக்கூடத்தையா? அதனால் கட்டைகளை அடுக்குவது, படத்துண்டுகளைச் சேர்ப்பது போன்ற செய்முறைகளால் சோதித்தார்.

அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. 1953ல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளிகளில் புதிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பிள்ளைகள் தினம் மூன்று மணி நேரம் பள்ளியில் படிக்க வேண்டும், மீதி நேரம் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். இருக்கிற ஆசிரியர்களை வைத்து அதிகப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம், உடல் உழைப்புக்கும் மதிப்பு வரும் என்பது அரசின் வாதம். ஆனால் சாதியும் தொழிலும் ஒட்டியிருக்கும் ஊரில் இதன் அர்த்தம் என்ன? 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தவரும் எதிர்த்தார்கள். காங்கிரஸுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954ல் ராஜாஜி விலகினார், காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

1956ல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைக் கொண்டுவந்தார். கல்வித்துறையில் அவருக்குத் துணை நின்றவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1982ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. இவற்றைப் பசி தீர்க்கும் திட்டங்கள் என்று மட்டும்தான் பேசுகிறோம். உளவியல் கண்ணோடு பார்த்தால் இவை அறிவு பற்றிய ஒரு கோட்பாடும்கூட. "பிள்ளைக்கு மண்டை இல்லை என்று சொல்வதற்கு முன்னால் வயிற்றைப் பார்" என்கிற கோட்பாடு! இரும்புச்சத்தும் அயோடினும் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்பது இன்று மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம்.

1951ல் தமிழ்நாட்டில் எழுத்தறிவு பெற்றவர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். 2011ல் ஐந்தில் நான்கு பேர். அறுபது வருடத்தில் ரத்தம் மாறிவிடவில்லை. சோறும் பள்ளியும்தான் பக்கத்தில் வந்தன.

எழுத்தறிவும் நுண்ணறிவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்லதான். ஆனால் 1980களில் ஜேம்ஸ் ஃப்ளின் ஐ.க்யூ. மதிப்பெண்களையே எடுத்துப் பார்த்தார். பல நாடுகளில் அவையும் ஒரே தலைமுறைக்குள் கணிசமாக ஏறியிருந்தன. மரபு அவ்வளவு வேகமாக மாறாது.

ஒரே தூர், இரண்டு சரிவு

அப்படியானால் பிறப்புக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. ஆனால் அதைப் புரிந்துகொள்ள எங்கள் மலையைப் பாருங்கள்.

இடுக்கி விவசாயி ஒருவர் கண்டெடுத்த ஏலக்காய் ரகம்தான் ஞள்ளானி. அதை விதை போட்டு வளர்ப்பதில்லை, தூரைப் பிரித்து நடுவார்கள். ஒரு தூரிலிருந்து பிரித்த செடிகள் எல்லாம் மரபில் அச்சு அசல் ஒன்றுதான். போடிமெட்டுக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டும், மர நிழல் உண்டு, செடி சரம் சரமாகக் காய்க்கும். கிழக்கே போடிப் பக்கத்துச் சரிவு மழை மறைவுப் பகுதி. அதே தூரின் இன்னொரு துண்டைக் கொண்டுவந்து கீழே வெயிலில் நட்டால் வாடிவிடும். வாடிய செடியைப் பார்த்து "ரகம் மட்டம்" என்று சொல்லும் விவசாயி எங்கள் ஊரில் ஒருவரும் இல்லை. செடிக்குக் கொடுக்கிற இந்த நியாயத்தைப் பிள்ளைக்குக் கொடுக்க மட்டும் ஏன் மறக்கிறோம்?

கரும்பு சொன்ன சாட்சி

இப்போது அந்தக் கரும்பு விவசாயிகள். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோரின் ஆய்வு 2013ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 விவசாயிகள். கரும்புப் பணம் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். வெட்டுக்கு முன்னால் கையில் காசு இருக்காது, நகை அடகுக் கடையில் இருக்கும். வெட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மூச்சு விடலாம். ஒரே ஆளுக்கு இரண்டு காலத்திலும், எழுத்தே தேவைப்படாத 'ரேவன்' படப் புதிர்களைக் கொடுத்தார்கள். முன்னால் சராசரி 4.35 சரி, பின்னால் 5.45 சரி. அதே ஆள், அதே மூளை! மாறியது கவலை மட்டும்தான்.

இது முடிந்த முடிவு அல்ல. 2016ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று, சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. விவாதம் நடக்கிறது. ஆனாலும் ஒரு நாள் வாங்கிய மார்க்கை ஆயுள் தண்டனையாக்கக் கூடாது என்பதற்கு இந்தச் சாட்சி போதும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1985ல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் வியாபாரம் செய்த சிறுவர்களைச் சோதித்தார்கள். வியாபாரத்தில் 98% கணக்கு சரி. அதே கணக்கைப் பேப்பரில் கொடுத்தால் 37%தான். போடிக் கிட்டங்கிகளில் ஏலக்காய் பொறுக்கும் பெண்களைப் பாருங்கள். நிறம், பருமன், வெடிப்பு என்று கண்ணும் விரலும் நொடியில் தரம் பிரிக்கும். அதற்கு மார்க் போட எந்தச் சோதனையிலும் கட்டம் இல்லை. ஹோவர்ட் கார்ட்னர் 1983ல் சொன்ன பலவகை அறிவுகள் என்ற கருத்துக்குப் போதிய சோதனைச் சான்று இல்லை என்று உளவியலாளர் பலர் சொல்வது உண்மை. இருந்தாலும், நாம் அளப்பதும் அறிவும் ஒன்றல்ல என்பதை இந்தப் பெண்களும் பிரேசில் சிறுவர்களும் காட்டுகிறார்கள்.

சோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. பினே செய்தது நல்ல காரியம். எந்தப் பிள்ளைக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டும். கண்டுபிடித்த பிறகு அந்தப் பிள்ளைக்குச் சோறு, கண்ணாடி, கூடுதல் ஒரு மணி நேரப் பாடம், இதில் எது வேண்டும் என்று கேட்டால் அது பினேவின் வழி. "அவ்வளவுதான் மண்டை" என்று முத்திரை குத்தினால் அது கால்டனின் வழி. வருடங்களை மறந்தாலும் இந்த ஒரு வித்தியாசத்தை மறக்காமல் இருந்தால், ஆசிரியர் பயிற்சிக்குப் போகப்போகும் நண்பர்களுக்கு ஐந்து மார்க்கைவிடப் பெரிய பிரயோஜனம்.

உங்கள் ஊரில் பிள்ளைகளுக்கு என்ன முத்திரை குத்துகிறார்கள்? சொல்லுங்கள், பேசுவோம்.