பக்க விளைவிலிருந்து சிகிச்சைக்கு: மிகைவியர்வை மருத்துவத்தின் வரலாறு (1822–2004)

ஆய்வுச் சுருக்கம்

உடல் வெப்பத்தைச் சீராக வைப்பதற்குத் தேவையான அளவினும் கூடுதலாக வியர்வை சுரக்கும் நிலை மிகைவியர்வை எனப்படும். இதற்குரிய முதன்மையான சிகிச்சைகள் பலவும் வேறு நோய்களுக்கான மருத்துவத்தின் வழியாகவே வந்து சேர்ந்தன என்பதையும், இந்நிலையால் வருந்துவோரின் துன்பம் நோயாக ஏற்கப்படுவதில் ஏற்பட்ட தாமதம் அதற்கு ஒரு காரணம் என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மிகைவியர்வை, பரிவு நரம்பு, ஈடுசெய் வியர்வை, பொட்டுலினம் நச்சு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், நெற்றி வியர்த்தலை அகவுணர்வின் புறக்குறிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. வெப்பத்தால் தோன்றும் வியர்வையும் உள்ளக் கிளர்ச்சியால் தோன்றும் வியர்வையும் வேறு என்பதை உடலியங்கியல் நோக்கில் விரிவாக ஆராய்ந்தவர் ஜப்பானிய அறிஞர் யாஸ் குனோ. மனித வியர்வை பற்றிய அவரது நூல் 1934இல் வெளிவந்தது. உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றின் வியர்வை பெரிதும் உள்ளக் கிளர்ச்சியைச் சார்ந்தது.

முதனிலை மிகைவியர்வைக்கு அடிப்படையாக வேறு நோய் எதுவும் இருப்பதில்லை. அது பெரும்பாலும் இளம் வயதிலேயே தொடங்குகிறது. எழுதும் தாள் நனைவதும், பிடித்த கருவி நழுவுவதும், பிறர் கையைப் பற்றத் தயங்குவதும் இந்நிலை உடையோரின் அன்றாட அனுபவங்கள். உயிருக்கு ஊறு செய்யாத காரணத்தால் இது நெடுங்காலம் நோயாகக் கருதப்படாமல், கூச்சமாகவோ பதற்றமாகவோ கருதப்பட்டது. இக்கருத்து சிகிச்சையின் வரலாற்றை எவ்வாறு பாதித்தது என்பதே இங்கு எழும் வினா.

கெர்னரின் கருதுகோள்

ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கியவர் யுஸ்டினஸ் கெர்னர் (1786–1862). கெட்டுப்போன இறைச்சித் தொத்திறைச்சியை உண்டு நஞ்சேறியவர்களைப் பற்றி அவர் 1822இல் வெளியிட்ட நூல் 155 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டது. தசைகள் செயலிழப்பதோடு வாயும் தோலும் வறண்டுபோவதையும் அவர் குறித்தார். அந்நஞ்சைத் தாமே சுவைத்தும் சோதித்தார். உயிரைப் பறிக்கும் அதே நஞ்சை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், வியர்வை முதலிய மிகைச் சுரப்புகளை அடக்கும் மருந்தாகலாம் என்று அவர் கருதினார். இக்கருதுகோளைச் செயற்படுத்தும் வழி அன்று எவரிடமும் இல்லை.

விளம்பரமும் வெட்கமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இச்சிக்கலை மருத்துவத்தை விட வணிகமே முனைந்து கையில் எடுத்தது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் அறுவை மருத்துவர் ஒருவர், அறுவையின்போது தம் கை வியர்க்காதிருக்க அலுமினியம் குளோரைடு கலந்த நீர்மம் ஒன்றை உருவாக்கினார். அவருடைய மகள் எட்னா மர்ஃபி அதனை அக்குளுக்குரிய பொருளாக்கி ‘ஓடொரோனோ’ என்னும் பெயரில் விற்றார். 1919இல் அதற்காக ஜேம்ஸ் வெப் யங் எழுதிய விளம்பரம், பெண்ணின் வியர்வையைப் பிறர் அவளிடம் சொல்லத் தயங்கும் இழிவாகச் சித்திரித்தது. அதனால் வெறுப்புற்ற ஏறத்தாழ 200 வாசகர்கள் அவ்விதழின் சந்தாவை நிறுத்தினர். ஆயினும் விற்பனை 112 விழுக்காடு உயர்ந்து, 1920இல் 4,17,000 டாலரை எட்டியது. ஒரு மருத்துவரின் தொழில்தேவைக்காகத் தோன்றிய பொருள் இவ்வாறு பெண்களின் வெட்கத்தை முதலாகக் கொண்டு பரவியது. வியர்வை பொதுப்பேச்சுக்கு வந்தது. ஆனால் நோயாக அல்ல, நாகரிகக் குறைவாகவே வந்தது.

அறுவையும் அதன் விலையும்

வியர்வைச் சுரப்பிகளை இயக்குவது பரிவு நரம்பு. 1889 அளவிலேயே வில்லியம் அலெக்சாண்டர் கழுத்துப் பகுதியின் பரிவு நரம்பில் அறுவை செய்திருந்தார். அவரது நோக்கம் வலிப்பு நோயைத் தீர்ப்பது. வியர்வை அதில் இடம்பெறவில்லை. மார்புவலி முதலியவற்றுக்கும் இவ்வகை அறுவை முயலப்பட்ட பின்னரே, 1920இல் கொட்சாரெஃப் ஒருபக்க மிகைவியர்வைக்கு இதனைக் கையாண்டார். 1954இல் எர்வின் குக்ஸ் மார்பு உள்நோக்கி வழியாகச் செய்த பெருந்தொகையான அறுவைகளைத் தம் நூலில் பதிவு செய்தார். 1990களில் ஒளிப்படக் கருவியின் துணையால் அறுவை எளிதாகி, உலகெங்கும் பரவியது.

உள்ளங்கை உடனே வறண்டது. ஆனால் பலருக்கு முதுகிலும் வயிற்றிலும் தொடையிலும் முன்னில்லாத அளவுக்கு வியர்வை பெருகியது. இதுவே ஈடுசெய் வியர்வை. வால்டர் ஷெல்லி 1960இலேயே ஃபுளோரன்சுடன் இணைந்து இதனை ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டிருந்தார். எச்சரிக்கை அச்சில் இருந்தும் அறுவை பெருகியது. துண்டித்த நரம்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருதல் அரிது. தைவான் அரசு 2004இல் இருபது வயதுக்குட்பட்டோருக்கு இவ்வறுவையைத் தடை செய்தது. இளையோர் மீள முடியாத முடிவுக்கு ஆளாகலாகாது என்னும் கருத்து இத்தடையில் சட்ட வடிவம் பெற்றது.

நேரடியாக இச்சிக்கலுக்கென வளர்ந்த எளிய முறைகளும் உண்டு. குழாய்நீரில் கைகால்களை அமிழ்த்தி மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் சிகிச்சைக்கு லெவிட் 1968இல் எளிய கருவியை அமைத்தார். உலர்ந்த அக்குளில் இரவில் அலுமினியம் குளோரைடைத் தடவினால் அது வியர்வை நாளங்களை அடைத்துப் பயன்தரும் என்பதை 1975இல் நிறுவியவர்களுள் ஷெல்லியும் ஒருவர்.

இரு உண்மைகள், நாற்பத்தைந்து ஆண்டுகள்

பரிவு நரம்பாயினும் வியர்வைச் சுரப்பியை இயக்க அது வெளியிடும் வேதிப்பொருள் அசிட்டைல்கோலின் என்பதை 1934இல் ஹென்றி டேலும், நாஜி ஆட்சியால் பணியிழந்து இங்கிலாந்துக்கு வந்த வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க்கும் பூனையின் பாதத்தில் ஆய்ந்து காட்டினர். பொட்டுலினம் நச்சு நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதைத் தடுக்கிறது என்பது 1949இல் பர்கன் குழுவினரின் ஆய்வால் புலப்பட்டது. இவ்விரு உண்மைகளையும் இணைத்திருந்தால் கெர்னரின் கருதுகோள் அப்போதே உயிர்பெற்றிருக்கும்.

மனிதருக்கு ஏற்ற பாதுகாப்பான அளவு வரையறுக்கப்படாமை இத்தாமதத்திற்கு ஒரு காரணம் என்பது மறுக்கத்தக்கதன்று. அக்குறையை நீக்கியவர் மாறுகண் சிகிச்சைக்காக உழைத்த ஆலன் ஸ்காட். 1989இல் அமெரிக்க அரசு மாறுகண்ணுக்கும் இமைத்துடிப்புக்கும் இம்மருந்தை ஏற்றது. அதன் பின்னரும் வியர்வை எதிர்பாராத வழியிலேயே கவனம் பெற்றது. முகத்தின் ஒருபக்கத் துடிப்புக்காக ஊசி போடப்பட்டவர்களுக்கு அப்பக்கத்தில் வியர்வை குன்றியதை புஷாராவும் பார்க்கும் 1994இல் அறிவித்தனர். 2004இல் கடுமையான அக்குள் மிகைவியர்வைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இம்மருந்தின் பயன் சில மாதங்களே நீடிக்கும் என்பது குறை; விளைவு நிலையானதன்று என்பதே நரம்பறுவையோடு ஒப்பிடுகையில் அதன் சிறப்பு.

முடிவுரை

வலிப்பு, மார்புவலி, மாறுகண், முகத்துடிப்பு ஆகியவற்றைத் தேடிச் சென்ற மருத்துவம் வழியில் மிகைவியர்வைக்கும் தீர்வு கண்டது. அறுவையைப் பொறுத்தவரை, பக்க விளைவு பற்றிய நோயாளியின் முறையீடு அறுவையின் வெற்றிக் கணக்குக்குப் பின்னரே செவிமடுக்கப்பட்டது. 1928இல் மைனர் அறிமுகப்படுத்திய அயோடின்–மாவுச் சோதனை வியர்க்கும் இடத்தை மட்டுமே காட்டியது. பிற்காலத்தில் வந்த நான்கு படிநிலை அளவுகோல், வியர்வை எவ்வளவு என்று கேட்பதில்லை. அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறதா, அன்றாட வாழ்வுக்கு இடையூறு செய்கிறதா என்று நோயாளியையே கேட்கிறது. அவ்வளவுகோலைக் கொண்டு நடத்தி 2004இல் வெளியான ஆய்வு, அமெரிக்க மக்களுள் 2.8 விழுக்காட்டினர் மிகைவியர்வை உடையவர் என மதிப்பிட்டது. நோயாளியின் சொல் அளவீடாக ஏற்கப்பட்டதை இவ்வரலாற்றின் முதன்மையான திருப்பம் எனக் கொள்ளலாம். மருந்துகளின் வரலாற்றை எழுதுவோர், யாருடைய துன்பம் எப்போது நோயென ஏற்கப்பட்டது என்பதையும் உடன் எழுத வேண்டியுள்ளது.