உறைக்குள் இருந்த பொய்

சில ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு தொடர்கதையில், கதாநாயகன் கண் இமைக்கும் நேரத்தில் இடுப்பிலிருந்து துப்பாக்கியை உருவி வில்லனைச் சுட்டு வீழ்த்தினான். அந்த அத்தியாயம் எனக்கு மிகவும் திருப்தி அளித்தது. ஆனால் அது வெளிவந்த வாரமே, அடுத்த தெருவில் குடியிருந்த ஓய்வுபெற்ற போலீஸ் ஸப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார்.

"ஸார், உங்கள் ஆள் ரொம்பக் கெட்டிக்காரன். எங்களுக்கெல்லாம் உறையின் மூடியைத் திறக்கவே அதைவிட அதிக நேரம் ஆகும்" என்றார்.

நான் சிரித்து மழுப்பினேன். அவர் போன பிறகுதான் யோசனை வந்தது. அந்தக் காட்சியை நான் எங்கிருந்து எடுத்தேன்? சிறு வயதில் பார்த்த அமெரிக்கக் கௌபாய் படங்களிலிருந்து. அந்தப் படங்கள் எங்கிருந்து எடுத்தன? சரித்திரத்திலிருந்து என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சரித்திரத்தைப் புரட்டியபோது விஷயம் வேறாக இருந்தது.

1865-ம் ஆண்டு ஜூலை 21-ம் தேதி. மிஸ்ஸௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் சதுக்கத்தில், 'வைல்டு பில்' ஹிக்காக் என்பவரும் டேவிஸ் டட் என்பவரும் எதிரெதிரே நின்றார்கள். சூதாட்டக் கடனுக்காக டட் எடுத்து வைத்துக்கொண்ட ஒரு கடிகாரம்தான் சண்டைக்குக் காரணம். இருவருக்கும் இடையே சுமார் 75 கஜ தூரம். அவ்வளவு தூரத்தில் யார் முதலில் உருவினார் என்பதா முக்கியம்? யார் நிதானமாகக் குறி பார்த்தார் என்பதுதான் முக்கியம். டட்டின் குண்டு தவறியது. ஹிக்காக்கின் குண்டு தவறவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, 1867-ல், 'ஹார்ப்பர்ஸ்' மாதப் பத்திரிகையில் ஜார்ஜ் வார்டு நிக்கல்ஸ் எழுதிய கட்டுரை வந்தது. ஹிக்காக் நூற்றுக்கணக்கான பேரைக் கொன்றவர் என்று அது முழங்கியது. பிறகு 1902-ல் ஓவன் விஸ்டர் எழுதிய 'தி வர்ஜீனியன்' என்ற நாவல் வந்தது. அதில் ஊர்த்தெருவில் இருவர் மோதித் தீர்த்துக்கொள்ளும் காட்சியைத்தான் ஸினிமாக்காரர்கள் திரும்பத் திரும்பப் படம் பிடித்தார்கள். பார்த்தீர்களா, எல்லாம் என் ஜாதிக்காரர்கள், எழுத்தாளர்கள், செய்த வேலை!

உண்மையில் அந்தக் காலத்து உறை எப்படி இருந்தது? குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளிகள் கனத்த தோலில் ஆழமாகத் தைத்துக் கொடுத்தார்கள். பிடி மட்டும் வெளியே தெரியும்படி துப்பாக்கி உள்ளே அமிழ்ந்திருக்கும். குதிரை ஓடும்போது அது விழக் கூடாது, கவலை அவ்வளவுதான். அப்படியும் சில சமயம் விழுந்தது. 1876-ம் ஆண்டு ஜனவரியில், கான்ஸாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் போலீஸ்காரராக இருந்த வையட் ஏர்ப், ஒரு மதுக்கடையின் பின்னறையில் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரிவால்வர் உறையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து வெடித்தது. குண்டு அவர் கோட்டைத் துளைத்துக்கொண்டு போயிற்று. பிற்காலத்தில் எத்தனையோ படங்களுக்குக் கதாநாயகனான அதே ஏர்ப்தான்!

அக்காலத்து ரிவால்வரில் கட்டை விரலால் 'குதிரை'யைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஒரு சிறு பள்ளம் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆள்காட்டி விரலால் விசையை அழுத்தினால் பிடி விட்டு, குதிரை முன்னே பாய்ந்து அடிக்கும். உஷாரானவர்கள் ஆறு குண்டு கொள்ளும் துப்பாக்கியில் ஐந்தே போட்டு, குதிரைக்கு நேரான அறையைக் காலியாக விட்டார்கள். அவர்களுக்குத் தங்கள் ஆயுதத்திடம் பயம் இருந்தது.

அந்தப் பயம் போனது 1950-களில். கலிஃபோர்னியாவில் ஒரு கேளிக்கைப் பூங்காவில் வேலை பார்த்த டீ வூலம் என்பவர், 1954-ல் துப்பாக்கி உருவும் போட்டி ஒன்றை ஆரம்பித்து வைத்தார். 1955-ல் 'கன்ஸ்மோக்' தொடர் டெலிவிஷனுக்கு வந்தது. அதன் ஆரம்பக் காட்சியில் வாரந்தோறும் சுடப்படுகிறவர் ஆர்வோ ஓயாலா. நிஜ வாழ்க்கையில் அவர்தான் ஹாலிவுட் நடிகர்களுக்குத் துப்பாக்கி உருவச் சொல்லிக் கொடுத்த குரு! தோலுக்கு நடுவே உலோகத் தகடு வைத்து ஓர் உறை செய்து, 1958-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தகடு இருந்ததால் உறைக்குள் இருக்கும்போதே குதிரையை இழுக்க முடிந்தது.

மோகம் பரவியது. 1873-ல் பிறந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நின்றுபோயிருந்த ரிவால்வரை கோல்ட் கம்பெனி 1956-ல் மறுபடி செய்யத் தொடங்கியது. பொழுதுபோக்காக இதில் இறங்கியவர்கள் தோலை நனைத்துத் துப்பாக்கியின் வடிவத்துக்கு அழுத்தி, வாரம் முழுவதும் உட்கார்ந்து உறை தைத்தார்கள். போதாதென்று துப்பாக்கியையும் பிரித்தார்கள். வில்லை மெலிதாக்கி, அந்தச் சிறு பள்ளத்தையும் தேய்த்து, விரல் பட்டாலே வெடிக்கும்படி விசையை இளக்கினார்கள். அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் உருவிச் சுட வேண்டும் அல்லவா?

பலன் என்ன? குதிரை இழுபட்ட நிலையில், துப்பாக்கியின் வாய் இன்னும் உறைக்குள் கீழ்நோக்கி இருக்கும். விரல் ஒரு கணம் முந்தினால் குண்டு போகும் இடம் சொந்தக் கால்தான். எதிரே வில்லன் இல்லை, தெரு இல்லை, சண்டையும் இல்லை. வீட்டுக் கொல்லையில் தனியே பயிற்சி செய்த மனிதர்கள் தங்கள் தொடையையும் பாதத்தையும் துளைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குப் பிறகுதான் போட்டிகளில் மெழுகுக் குண்டும் வெற்றுத் தோட்டாவும் கட்டாயமாயின.

அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தா காலத்து வீரத்தை மீட்கிறோம் என்று அவர்கள் நம்பினார்கள். தாத்தாவிடம் அந்த உறையும் இல்லை, அந்த விசையும் இல்லை. ஓர் எழுத்தாளன் சுவைக்காகச் சேர்த்த பொய்யை, முகம் தெரியாத ஒரு வாசகன் தன் ரத்தத்தால் மெய்ப்பிக்கப் பார்த்தான்.

என் தொடர்கதை புத்தகமாக வந்தபோது அந்த இடத்தைத் திருத்தினேன். கதாநாயகன் உறையின் மூடியோடு மல்லாடுகிறான். அதற்குள் வில்லன் கொல்லைப்புறமாக ஓடிவிடுகிறான். கதை ஓர் அத்தியாயம் நீண்டது. ஸப்-இன்ஸ்பெக்டருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். படித்துவிட்டு, "இப்போதுதான் அவன் துப்பாக்கி வைத்துக்கொள்ள லாயக்கானவன்" என்றார்.