கவரி, சவுரி, டோப்பா

‘டோப்பா’ என்று சொன்னால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும். தமிழ்ப் படங்கள் பழக்கிவிட்ட சிரிப்பு அது. மிடுக்காக நடந்துவரும் முதலாளியின் முடி காற்றில் பறக்கும், அல்லது சண்டையில் யாரோ ஒருவன் கையோடு வந்துவிடும். திரையரங்கம் அதிரும். ஆனால் ‘சவுரி’ என்று சொன்னால் யாரும் சிரிப்பதில்லை. பாட்டியின் கொண்டை ஞாபகம் வரும். பரதநாட்டிய அரங்கேற்றமும் மணப்பெண்ணின் பூச்சடையும் ஞாபகம் வரும். இரண்டுமே வேறெங்கோ உதிர்ந்தோ மழிக்கப்பட்டோ நம் தலைக்கு ஏறிய முடிதான். ஒன்று கேலியாகவும் இன்னொன்று அலங்காரமாகவும் ஏன் பிரிந்தன? ஈப்போவில் முதன்முதலாக ஒரு விக் வாங்கக் கடை வாசலில் தயங்கி நிற்கும் தமிழ்ப் பெண்ணைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

சவுரி என்பதன் பழைய வடிவம் ‘சவரி’. கவரி, சமரி, சாமரம் எல்லாம் ஒரே விலங்கைச் சுற்றிவரும் சொற்கள். இமயமலைப் பக்கம் வாழும் யாக் என்ற சடைமாடுதான் அது. புறநானூற்றிலும் பதிற்றுப்பத்திலும் கவரி இமயத்தோடு சேர்ந்தே வருகிறது. அதன் வால்முடியைக் கட்டித்தான் அரசர்களுக்கு வெண்சாமரம் வீசினார்கள். பெண்கள் கொண்டைக்குள் வைத்துக் கட்டும் பொய்முடிக்கும் அதே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திருக்குறளின் மானம் அதிகாரத்தில் வரும் கவரிமா, முடியை இழந்தால் உயிர்வாழாத விலங்கு. பின்னால் வந்தவர்கள் ‘மா’வை ‘மான்’ ஆக்கி, பள்ளி மேடைகள் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள். உண்மையில் வால்முடியை வெட்டினால் யாக் சாவதில்லை. நிம்மதியாகப் புல் மேயும். ஆனால் முடி போனால் மானம் போனது என்ற உவமையையும், முடி இல்லாதவருக்கு உதவும் சவுரி என்ற சொல்லையும் ஒரே விலங்குதான் நமக்குத் தந்திருக்கிறது. முதலாவதை மனப்பாடம் செய்தோம். இரண்டாவதைப் பாட்டியின் பெட்டியோடு விட்டுவிட்டோம்.

மொட்டைத் தலையோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் நம்மவர்கள் பெரும்பாலும் மூன்று காரணங்களைத்தான் நினைப்பார்கள். ஒன்று நேர்த்திக்கடன். இரண்டாவது பழைய விதவைக் கோலம். கணவனை இழந்த பெண்கள் கூந்தல் களைந்த செய்தி சங்கப் பாடல்களிலேயே உண்டு. சில சாதிகளில் அது 20ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. மூன்றாவது நோய். இவற்றோடு வரலாறு இன்னொன்றையும் வைத்திருக்கிறது. பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்துப் பதிகத்தில், பழையன் என்பவனின் காவல்மரமான வேம்பைச் செங்குட்டுவன் வெட்டிச் சாய்க்கிறான். அந்த மரத்தை இழுக்க யானைகளைப் பூட்டிய கயிறு, கணவரை இழந்த பெண்களின் கூந்தலைத் திரித்துச் செய்தது. புலவர் அதை வெற்றியாகவே சொல்கிறார். கூந்தல் போன பெண்கள் என்ன சொன்னார்கள் என்பது பதிகத்தில் இல்லை.

தலை ஒன்றுதான், மொட்டையும் ஒன்றுதான். தானாகக் கொடுத்தால் ஒரு பொருள், பிறர் எடுத்தால் வேறொரு பொருள்.

பேராவுக்கு வருவோம். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. அந்தக் கன்றுகளின் வாரிசுகளைச் சீவத்தான் நம் கொள்ளுப்பாட்டிகள் கப்பலேறினார்கள். தோட்டத்தில் வேலை செய்த பெண்ணின் தலையில் எப்போதும் ஒரு துணி இருக்கும், அதற்குள் இறுக்கிப் போட்ட கொண்டை இருக்கும். அழகுக்காக மட்டும் போட்டதல்ல அந்தக் கொண்டை. கித்தாப் பால் முடியில் பட்டுக் காய்ந்தால் சீப்பு நுழையாது. மண்ணெண்ணெய் தொட்டு உருவ வேண்டும், அதற்கும் வரவில்லையென்றால் கத்தரிதான்.

என் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் மரம் சீவியவர். சீப்பில் வரும் முடியைச் சுருட்டி, லயத்தின் பலகைச் சுவர் இடுக்கில் செருகி வைப்பாராம். ஒரு கைப்பிடி சேர்ந்ததும், தோட்டத்திலிருந்த வயதான அம்மா ஒருவர் அதைச் சிக்கெடுத்து, நுனியில் கறுப்பு நூல் கட்டிச் சவுரியாக்கிக் கொடுப்பாராம். திருவிழாவுக்கு அந்தச் சவுரி பாட்டியின் கொண்டைக்குள் ஏறும். மறுநாள் எல்லோரும் பார்க்கவே ஆணியில் தொங்கும். யாருக்கும் அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. அவரவர் முடிதானே!

டோப்பாவின் வழி வேறு. அது மேடையிலிருந்து வந்தது. ஆண்களே பெண் வேடம் கட்டிய காலத்தில், ஸ்திரீபார்ட் நடிகருக்குப் பொய்முடி தொழிற்கருவி. ஔவையாராக நடித்துப் பேர் வாங்கிய டி. கே. சண்முகத்துக்கு ‘ஔவை’ என்பது பெயரோடே ஒட்டிக்கொண்டது. 1996இல் வந்த ‘அவ்வை சண்முகி’ படத்தின் தலைப்பு அவரை நினைவுபடுத்தித்தான் வைக்கப்பட்டது. கோயில் திருவிழாவுக்குத் தோட்டங்களில் போட்ட நாடகங்களிலும் மீசை மழித்த இளைஞர்கள் பொய்முடி வைத்து ராணியானார்கள். சவுரி இருக்கும் முடியோடு சேர்வது. டோப்பா ஆளையே மாற்றிக் காட்டுவது. ‘விக்’ என்ற ஆங்கிலச் சொல் வந்தபோது நாம் அதைச் சவுரியின் பக்கம் வைக்காமல் டோப்பாவின் பக்கம் வைத்துவிட்டோம். ஏமாற்று என்ற வாடை அதனால்தான் அந்தச் சொல்லில் இன்னும் அடிக்கிறது.

ஆனால் உலகச் சந்தைக்கு விக் ஒரு சரக்கு. 1965இல் அமெரிக்கா, கம்யூனிஸ்ட் சீனத்திலிருந்து வரும் முடிக்குக் கதவை மூடியது. அந்த இடைவெளியில் தென்கொரியா நுழைந்தது. சில ஆண்டுகளிலேயே விக் அந்த நாட்டின் முக்கிய ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்றானது. கிராமத்திலிருந்து வந்த இளம்பெண்கள் அதைச் செய்தார்கள். 1979 ஆகஸ்டில், ஒய்.எச். என்ற விக் நிறுவனம் மூடப்பட்டபோது அதன் பெண் தொழிலாளர்கள் சியோலில் எதிர்க்கட்சித் தலைமையகத்துக்குள் போய் அமர்ந்து போராடினார்கள். போலீஸ் புகுந்தது. கிம் கியோங் சுக் என்ற 21 வயதுத் தொழிலாளி இறந்தார். அதைத் தொடர்ந்து எழுந்த கொந்தளிப்பின் முடிவில், அக்டோபர் 26 அன்று அதிபர் பார்க் சுங் ஹீ தம் சொந்த உளவுத்துறைத் தலைவராலேயே சுடப்பட்டார். தோட்டத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்தக் கதை அந்நியமாகத் தெரியாது. பொருளைச் செய்யும் பெண், அதைப் போட்டுக்கொள்ளும் பெண்ணின் கண்ணுக்குத் தெரிவதேயில்லை.

செயற்கை இழை ஒரு பக்கம் வந்தது. ஜப்பானின் கனெகா நிறுவனம் 1957இல் கனெகலான் இழையைக் கொண்டுவந்தது. இயற்கை ரப்பருக்குப் போட்டியாகச் செயற்கை ரப்பர் வந்ததுபோலத்தான் இதுவும். ஆனாலும் நல்ல விக்குக்கு மனித முடிதான் என்ற எண்ணம் போகவில்லை. அங்கேதான் திருப்பதியும் பழனியும் திருத்தணியும் கதைக்குள் வருகின்றன. மழித்த முடியில் வேரும் நுனியும் ஒரே திசையில் கிடக்கும், அதனால் சிக்கு விழாது. வணிகத்தில் இதை ‘ரெமி’ என்பார்கள். சீப்பில் சேர்த்த முடிக்கு அந்த ஒழுங்கு இல்லை. அமிலத்தில் முக்கி அதன் செதில்களை நீக்க வேண்டியிருக்கும். ஆகவே விலையும் குறைவு. திருமலை தேவஸ்தானம் 2011 முதல் முடியை இணையவழியில் ஏலம் விடுகிறது. வருமானம் 100 கோடி ரூபாயைத் தாண்டிய ஆண்டுகளும் உண்டு. ஏலம் எடுத்த முடியில் ஒரு பகுதி, சீனாவின் சூசாங் போன்ற விக் நகரங்களுக்குப் போய் உருமாறி உலகம் சுற்றுகிறது.

சுற்றிய இடத்தில் ஒருமுறை தீயும் வைத்தார்கள். திருமணமான பெண்கள் தலையை மறைக்க விக் அணிவது கடும் ஆசாரமுள்ள யூதர்களில் பலரிடம் வழக்கம். 2004 மே மாதம், ஜெருசலேமின் மூத்த ரபி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ், இந்தியக் கோயில் முடியில் செய்த விக்குகள் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். சிலைக்குப் படைத்த பொருளைப் பயன்படுத்தக் கூடாது என்பது அவருடைய வாதம். புரூக்ளின் தெருக்களில் விக்குகள் குவித்து எரிக்கப்பட்டன. மொட்டையடித்துக்கொண்டு கீழிறங்கிய பக்தர்களுக்கு இது எதுவும் தெரியாது. அவர்கள் கணக்கில் முடி சாமியிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இத்தனை வழி வந்த முடி ஈப்போவின் ஒரு கடை அலமாரியிலும் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் அத்தையோடு அங்கே போனேன். தோட்டத்தில் பிறந்தவர். தோட்டம் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறியபின் கையுறைத் தொழிற்சாலையில் ஓய்வுபெறும்வரை வேலை பார்த்தவர். மார்பகப் புற்றுநோய்க்கு முதல் கீமோ முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் முடி உதிரத் தொடங்கும், அதற்கு முன்பே விக் வாங்கிவிட்டால் சொந்த முடியின் நிறத்தோடும் வகிட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தாதி சொல்லியிருந்தார்.

கடைக்காரச் சீனப் பெண்மணி முதலில் தலையை அளந்தார். நெற்றியின் முடியோரத்திலிருந்து காதுக்கு மேலாகப் பிடரி வழியே சுற்றி 55 செண்டிமீட்டர். முடி முழுக்கப் போனபின் அளவு கொஞ்சம் குறையும், உள்ளே இழுத்துக் கட்டும் பட்டை இருக்கிறதா பாருங்கள் என்றார். அடுத்து நிறம். ‘1’ என்றால் மை போன்ற கறுப்பு. நம்மவர்களின் முடி பெரும்பாலும் ‘1பி’க்குத்தான் பொருந்தும். பிறகு துணி. நம் வெயிலுக்கு உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட வேண்டும். செயற்கை இழை சில நூறு ரிங்கிட்டில் முடியும், துவைத்தாலும் வடிவம் மாறாது. ஆனால் அடுப்புச் சூடு பட்டால் சுருண்டுவிடும். தாளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். மனித முடி என்றால் ஆயிரத்துக்கு மேல் போகும், எண்ணெய்ப் பிசுக்கு சேராமல் பராமரிக்கவும் வேண்டும்.

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். “பாப்பா, இதுல கொண்டை போட முடியுமான்னு கேளு.”

முடியாது. சாதாரண விக்கின் உட்புறத்தில் முடி வரிவரியாகப் பட்டையில் தைக்கப்பட்டிருக்கும். மேலே தூக்கிக் கட்டினால் பிடரியில் அந்தப் பட்டைகள் தெரிந்துவிடும். கொண்டை போட வேண்டுமானால் சுற்றிலும் வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கையால் முடிச்சிட்டது வேண்டும். விலை மும்மடங்கு. ஐம்பது ஆண்டுகளாகக் கொண்டை போட்ட தலைக்கு அந்தக் கடையின் அலமாரியில் இருந்ததெல்லாம் தோள்வரை நேராகத் தொங்கும் முடி. யார் மீதும் குற்றமில்லை, சந்தை யாருடைய தலையை மனத்தில் வைத்துச் செய்கிறது என்பதுதான் விஷயம்.

அத்தை மூன்றைப் போட்டுப் பார்த்தார். முதலாவது கண்ணாடியில் வேறு யாரையோ காட்டியது. மூன்றாவது இலேசாக அலையோடும் மனித முடி, கையால் முடிச்சிட்ட முன்நெற்றி, நடுவகிடு எடுக்கலாம். கழுத்தோரம் தளர்வாகப் பின்னினால் பட்டை தெரியாது. உறையில் ‘இந்தியன் ஹேர்’ என்றும் சீனாவில் தயாரித்தது என்றும் அச்சிட்டிருந்தது. அத்தை அதைக் கையில் வைத்துத் தடவினார். மகனுக்காகக் கல்லுமலை முருகனுக்கு ஒரு தைப்பூசத்தில் மொட்டை போட்டவர் அவர். சந்தனம் பூசிய தலையோடு ஊரெல்லாம் நடந்தவர்.

“அப்ப வெட்கமில்லையா அத்தை?” என்றேன்.

“அது நான் குடுத்தது. இது என்னையக் கேக்காம எடுத்துக்கிறது” என்றார்.

பதிகத்தில் இல்லாத பதில் எனக்கு அங்கே கிடைத்தது. விக் நோயை மறைக்கும் பொருள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கேட்காமல் எடுக்கப்பட்ட இடத்தில், அளந்து, தடவி, விலை பேசி, “இது வேணாம், அது” என்று சொல்ல ஒரு பெண்ணுக்குக் கிடைக்கும் அரை மணி நேரமும் அதில் அடக்கம். அதனால் உடன் போகிறவர்கள் அவசரப்படுத்தாமல் இருப்பது நல்லது. அழகாயிருக்கு என்று பொய்யும் சொல்ல வேண்டியதில்லை. விக் வேண்டாம், துணி கட்டிக்கொள்கிறேன் என்று அவர் திரும்பி நடந்தாலும் அதுவும் அவருடைய தேர்வுதான்.

அத்தை மூன்றாவதை வாங்கினார். கீமோ முடிந்து சில மாதங்களில் சொந்த முடி, பழக்கமில்லாத சுருட்டையாக முளைத்தது. அதுவரை அந்த விக் வீட்டுக் கூடத்து அலமாரியில், ஒரு பால்மாவு டின்னின் மேல் எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருந்தது. வெளியே கிளம்பும் நேரத்தில் அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்: “பாப்பா, அந்தச் சவுரிய எடுத்துக் குடு.”