சார்னோகைட்: திண்டுக்கல் பாறைகளின் பிறப்பிடம்

திண்டுக்கல் வட்டாரத்தில் எந்தக் குன்றைக் காட்டிக் கேட்டாலும் "கருங்கல்" என்பார்கள். கல் வணிகத்தில் அதற்கே "கிரானைட்" என்று பெயர். வீடு கட்டுவோருக்கு இது போதும், மாணவர்களுக்குப் போதாது. கிரானைட் என்பது உருகிய பாறைக்குழம்பு மண்ணுக்கடியில் மெல்ல ஆறி இறுகிய தீப்பாறை. ஆனால் திண்டுக்கல் சமவெளிக்கும், அதைச் சூழ்ந்த சிறுமலை, பழனி மலைகளுக்கும் பெரும்பாலும் அடித்தளமாக இருப்பவை நைஸ், சார்னோகைட் முதலிய உருமாறிய பாறைகளே.

ஏற்கெனவே இருக்கும் ஒரு பாறை, முழுவதும் உருகாமல், திடநிலையிலேயே வேறு கனிமங்களாக மாறி அமைவதுதான் உருமாற்றம். இதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் ஆங்கிலப் பெயரை 1833இல் சார்லஸ் லயல் தம் நூலில் வழக்கிற்குக் கொண்டுவந்தார். சுண்ணாம்புக்கல் சலவைக்கல்லாவதும், மணற்கல் குவார்ட்சைட் ஆவதும் பாடநூலில் உள்ள எடுத்துக்காட்டுகள். "வெப்பம், அழுத்தம்" என்று இரு சொல் எழுதி மதிப்பெண் வாங்கிவிடலாம். எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஆழம் என்ற கேள்வியில்தான் சுவையே தொடங்குகிறது.

கல்லறையில் கிடைத்த பெயர்

கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் குடியிருப்பை 1690இல் நிறுவிய ஜாப் சார்னாக்கின் கல்லறை, அந்நகரின் புனித யோவான் தேவாலய வளாகத்தில் உள்ளது. வண்டல் மண் நிறைந்த வங்காளத்தில் அத்தகைய கல் கிடைக்காது. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய தாமஸ் ஹாலண்ட் அக்கல்லை ஆராய்ந்து, அது சென்னையை அடுத்த பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறையே என்று கண்டார். 1893இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி, கல்லறைக்குரியவரின் பெயரையே பாறைக்கும் சூட்டினார். தமிழ்நாட்டுக் கல் ஒன்று ஓர் ஆங்கிலேய வணிகரின் பெயரில் உலகப் பாடநூல்களில் ஏறியது இப்படித்தான். பல்லாவரத்தின் பெயரை வைத்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

1900இல் ஹாலண்ட் சார்னோகைட் வகைகளைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். இது உருகிய குழம்பிலிருந்து வந்த தீப்பாறை என்பது அவர் முடிவு. இதை ஒட்டியும் வெட்டியும் பல்லாண்டுகள் வாதம் நடந்தது. 1960இல் சி. எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பாலதுர்கம் கல்குவாரியில் சாம்பல்நிற நைஸ் பாறைக்குள் கரும்பச்சைத் திட்டுகளாகச் சார்னோகைட் உருவாகியிருப்பதை எடுத்துக்காட்டினார். ஒரே பாறையின் ஒரு பகுதி நைஸாகவும் மறுபகுதி சார்னோகைட்டாகவும் நின்றது. குழம்பிலிருந்து இறுகிய சார்னோகைட்டும் உண்டு, உருமாற்றத்தால் விளைந்ததும் உண்டு என்பதே இன்றைய நிலை.

எவ்வளவு ஆழத்தில்?

சார்னோகைட்டின் அடையாளக் கனிமம் ஹைப்பர்ஸ்தீன். சாதாரண நைஸில் உள்ள கருப்பு அப்பிரகத்திலும் ஹார்ன்பிளெண்டிலும் நீர் அணுக்கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கும். ஏறத்தாழ 700 டிகிரி செல்சியசுக்கு மேல், நீர் குறைந்த சூழலில் இக்கனிமங்கள் சிதைந்து, நீரற்ற ஹைப்பர்ஸ்தீன் உண்டாகிறது. நிலப்பரப்பில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி வெப்பம் கூடும். அந்தக் கணக்கில் பார்த்தால் நாம் போய்ச் சேருவது 20, 30 கிலோமீட்டர் ஆழத்துக்கு, அதாவது கண்ட மேலோட்டின் அடிப்பகுதிக்கு.

அவ்வளவு சூட்டில் பாறை ஏன் முழுதும் உருகவில்லை? நீர் இருந்தால் பாறை எளிதில் உருகும், நீரில்லாத பாறைக்கு இன்னும் அதிக வெப்பம் வேண்டும். முதலில் உருகிய சிறு பகுதி நீரையும் எடுத்துக்கொண்டு மேலே நகர்ந்துவிட, வறண்ட மிச்சம் கீழே தங்கியது. கொடைக்கானல் அடிவாரத்தில், வத்தலக்குண்டை அடுத்த கெங்குவார்பட்டிப் பகுதியில் சாஃபிரின் என்ற அரிய கனிமம் கொண்ட பாறைகள் உள்ளன. அவை 900 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தைக் கண்டவை.

இந்த வெப்பத்துக்குக் காரணமாகச் சொல்லப்படுவது, ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்த கண்ட மோதல். இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்க்டிகா ஆகியவற்றின் நிலத்துண்டுகள் கோண்டுவானாவாக ஒன்றிணைந்தபோது மேலோடு தடித்து, கீழ்ப்பகுதி வெந்தது. கண்டியைச் சுற்றிய இலங்கை மலைநாட்டிலும் இதே காலத்து உருமாற்றம் பதிந்துள்ளது. பின்னர் மேலே கிடந்த பாறைகளை மழையும் ஆறும் அரித்தெடுக்க, சுமை குறைந்த நிலம் மெல்ல உயர்ந்தது. திண்டுக்கல்லில் நாம் நடப்பது பழைய கண்டத்தின் அடித்தளத்தின்மீது.

கிணறும் பாறையும்

அந்த ஆழத்தில் அழுந்திய பாறையில் மணற்கல்லைப் போல நீர் தங்கும் துளைகள் கிடையாது. மேலே சிதைந்த மண்ணிலும், பாறையின் வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். ஒருவர் தோட்டத்துக் கிணறு ஊற, வரப்புக்கு அப்பால் போட்ட ஆழ்துளைக் கிணற்றில் வெறும் பாறைத்தூள் பறப்பது இதனால்தான். வெடிப்பில் துளை பட்டால் தண்ணீர், படாவிட்டால் கடன். இன்னும் ஆழமாகப் போனால் கட்டாயம் கிடைக்கும் என்பதும் சரியல்ல. பொதுவாக ஆழம் கூடக்கூட வெடிப்புகள் குறுகி மூடிக்கொள்கின்றன.