டிஃபெண்டு

ஷாங்காய் நகராட்சிக் காவல்துறையில் 1907 முதல் பணியாற்றிய ஆங்கிலேயரான வில்லியம் யூவர்ட் ஃபேர்பேர்ன் (1885–1960), ஜூடோ முதலிய கலைகளில் தாம் பெற்ற பயிற்சியையும் தெருக்காவல் அனுபவத்தையும் இணைத்து வகுத்து, 1926இல் நூலாகவும் வெளியிட்ட தற்காப்பு முறை டிஃபெண்டு ஆகும். பயிற்சிக் கூடத்தில் விதிகளும் மெத்தையும் உண்டு. எதிராளி ஒருவனே, அவனும் அறிவித்த பின்னரே நெருங்குகிறான். தெருவிலோ தாக்குபவன் எதிர்பாராத கணத்தில், சில வேளைகளில் ஆயுதத்தோடும் துணையாட்களோடும் பாய்வதால், அச்சத்தில் இதயம் படபடத்து விரல்களின் நுண்ணசைவு குன்ற, பல படிகள் கொண்ட பிடிகள் எளிதில் குலைந்துவிடுகின்றன. எனவே, இரண்டாம் உலகப் போரில் கமாண்டோக்கள் எனப்படும் பிரித்தானிய அதிரடிப் படையினருக்குக் கற்பித்தபோது, உள்ளங்கையின் அடிப்பகுதியால் மோவாயைத் தாக்குதல் போன்ற எளிய அடிகளையே ஃபேர்பேர்ன் முதன்மைப்படுத்தினார். அவரது பணியில் மிகவும் போற்றத்தக்க தெளிவு இதுவே எனலாம்.